அலமன்ஸ் போர்க்களத்தில் நான் கை தூக்கவில்லை

பட்டுப்புடவை, தலையில் எங்கள் ஊர் இந்தியக் கடைத்தெருவான ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கிய மல்லிகைச் சரம், காலில் ஸ்னீக்கர்ஸ். இந்தக் கோலத்தில் ஒரு போர்க்களத்துக்குப் போனவள் அமெரிக்காவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை, வட கரோலினாவில் கேரி என்ற ஊரில் என் கணவர் பிரபுவின் நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசம். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி ஐசலினில். போக ஐந்நூறு மைல், வர ஐந்நூறு மைல். பால் காய்ச்சுவதைப் பார்க்க ஆயிரம் மைலா என்று நான் கத்தியதும், பக்கத்தில்தான் அலமன்ஸ் என்று ஒரு பழைய போர்க்களம் இருக்கிறது, பத்தாவது படிக்கும் மகள் மீராவுக்கும் ஹிஸ்டரிக்கு உதவும் என்று பிரபு ஒரு தூண்டில் போட்டார். மீராவுக்கு அதில் ஒரு துளி ஆர்வமும் இல்லை. மாட்டியது நான்தான்.

இந்தப் பதிவை வழிகாட்டியாக எண்ணிப் படிக்க வந்தவர்களிடம் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை எனக்கு அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி. வலது கையைத் தூக்கி, இதுவரை நான் எந்த நாட்டின் பிரஜையாக இருந்தேனோ அதன் மீதான விசுவாசத்தை முழுவதுமாகத் துறக்கிறேன் என்று சொல்ல வேண்டும். போவதா வேண்டாமா என்று தெரியாத நிலையில்தான் காரில் ஏறினேன்.

கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் என் அப்பாவுக்குப் போன தீபாவளியின்போது பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. என் தம்பி செல்வம் ஒருத்தனாகப் பார்த்துக்கொள்கிறான். குறைந்தது ஒரு வருடமாவது போய் அப்பாவோடு இருக்க வேண்டும் என்பது என் ஆசை. கிரீன் கார்டை வைத்துக்கொண்டு அவ்வளவு நாள் வெளியே இருந்தால் அது கையை விட்டுப் போய்விடும். மகளும் கணவரும் இங்கே, நான் அங்கே என்று ஆகிவிடும். சிட்டிசன் ஆகிவிட்டால், வெளிநாட்டு இந்தியருக்கான ஓசிஐ அட்டையை வாங்கிக்கொண்டு எத்தனை நாள் வேண்டுமானாலும் இருந்துவிட்டு வரலாம். அதாவது, ஊரில் போய் இருப்பதற்காக ஊரைத் துறக்கிறேன் என்று சொல்ல வேண்டும். இதைக் கேட்டு உங்களுக்குத் தலை சுற்றினால், ஆறு மாதமாக எனக்கும் அப்படித்தான்.

இதில் அப்பாவே ஒரு சிக்கல். எங்கள் வீட்டில் விளையாட்டுக்குக்கூட யாரும் சத்தியம் செய்யக்கூடாது. ஏழு வயதில், நெல்லிக்காயை நான் தின்னவில்லை என்று "சத்தியமா" போட்டதற்கு அவர் கையால் வாங்கிய ஒரே அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒருமுறை பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பை நகர்த்திவிட்டார். ஊர்க்காரர்கள் கூடி, இரண்டு பேரும் மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடிக்கட்டும் என்றார்கள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் பக்க வழக்கம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கூசாமல் அடித்தார். அப்பா மாட்டேன் என்றுவிட்டார். "நெசம் சொல்றவன் எதுக்குக் கற்பூரம் அடிக்கோணும்?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டு வந்துவிட்டார். மூன்று தென்னை மரங்களோடு அந்தத் துண்டு நிலம் போனது. அப்படிப்பட்டவரிடம் நான் கையைத் தூக்கப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை.

சரி, பயணத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். நியூ ஜெர்சி டர்ன்பைக், அப்புறம் 95-ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் ரிச்மண்ட் தாண்டி, பீட்டர்ஸ்பர்க்கில் 85 பிடித்து டர்ஹம், அங்கிருந்து கேரி. மேப் எட்டு மணி நேரம் என்று சொல்லும், நம்பாதீர்கள். வாஷிங்டனைச் சுற்றுவதற்கே எங்களுக்கு உயிர் போய்விட்டது, மொத்தம் பத்தரை மணி நேரம். டோல் போகும்போது சுமார் முப்பது டாலர். ரிச்மண்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நகராமல் நின்ற இடத்தில் எங்களுக்குள் வழக்கமான சண்டை வந்தது.

"நீ ஓவரா திங்க் பண்ற கவி. நான் ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்தேன்ல? லைசென்ஸ் ரினியூ பண்ற மாதிரிதான். கைய தூக்கினோம், கொடி குடுத்தாங்க, வெளிய வந்து தோச சாப்பிட்டோம்." பிரபு கோடம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவர், எதையும் தோசையில் முடித்துவிடுவார்.

"உங்களுக்குத் தோசை. எனக்கு அப்பாவுங்க."

"ரீஷெட்யூல் பண்ணா அடுத்த டேட் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. மாமாவ பாக்கணும்னு நீதானே சொன்ன?"

அவர் சொன்னது அத்தனையும் சரிதான், அதனால்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த ஒரு மணி நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பின் சீட்டில் மீரா ஹெட்ஃபோனைக் கழற்றவே இல்லை.

கிரகப்பிரவேசம் நன்றாக நடந்தது. ஹோமப் புகைக்கு அலாரம் அடித்துவிடாமல் இருக்க ஸ்மோக் டிடெக்டருக்கெல்லாம் ஷவர் கேப் மாட்டியிருந்தார்கள். யாருடைய யோசனையோ, அவருக்குக் கோயில் கட்டலாம். பொங்கலும் இட்லியும் சாப்பிட்டு, மதியத்துக்கு ஒரு டப்பா புளியோதரையும் வாங்கிக்கொண்டு பதினொரு மணிக்குப் புறப்பட்டோம். உடை மாற்றச் சோம்பல், நான் பட்டுப்புடவையோடேயே ஏறிவிட்டேன். கேரியிலிருந்து போர்க்களம் சுமார் அறுபது மைல், ஒரு மணி நேரம். 40-இல் மேற்கே போய், பர்லிங்டன் பக்கம் எக்ஸிட் 143-இல் இறங்கி, 62-ஆம் நம்பர் சாலையில் தெற்கே ஆறு மைல் போக வேண்டும். பார்க்கிங் இலவசம், உள்ளே போகவும் கட்டணம் இல்லை.

வந்துவிட்டீர்கள் என்று மேப் சொன்னபோது நாங்கள் வந்திருந்தது ஒரு புல்வெளிக்கு. கோட்டை இல்லை, மதில் இல்லை. சில கல் நினைவுச் சின்னங்கள், ஒரு சின்ன விசிட்டர் சென்டர், பழைய மரக்கட்டை வீடு ஒன்று. போர்க்களத்தின் ஊடாகவே தார்ச்சாலை போகிறது. பிக்கப் டிரக்குகள் சர் சர்ரென்று கடக்கின்றன.

"அம்மா, இட்ஸ் லிட்டரலி ஜஸ்ட் கிராஸ்," என்றாள் மீரா. அப்போதைக்கு எனக்கும் அது வெறும் புல்லாகத்தான் தோன்றியது.

நடந்தது இதுதான். 1771, மே மாதம். அமெரிக்கா என்று ஒரு நாடே அப்போது இல்லை, வட கரோலினா பிரிட்டிஷ் அரசரின் காலனி. உள்பகுதியில் சோளமும் கோதுமையும் விளைவித்த சிறு விவசாயிகளிடம் கோர்ட் அதிகாரிகள் சட்டப்படி வாங்க வேண்டியதைவிடப் பல மடங்கு கட்டணம் பிடுங்கினார்கள். வரி கட்டக் கையில் காசு இல்லையென்றால் மாடு, குதிரை, நிலம் என்று அகப்பட்டதை ஜப்தி செய்தார்கள். போதாக்குறைக்கு கவர்னருக்கு மாளிகை கட்ட வேறு வரி. இதில் எனக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பட்டா மாற்றத் தாலுகா ஆபீஸுக்கு நடந்தவரின் மகள் நான்.

விவசாயிகள் மனு கொடுத்துப் பார்த்தார்கள், வழக்குப் போட்டுப் பார்த்தார்கள், கடைசியில் கோர்ட்டுக்குள்ளேயே புகுந்து அடித்தார்கள். தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் ரெகுலேட்டர்கள், அதாவது முறைப்படுத்துகிறவர்கள். (எனக்கு ரெகுலேட்டர் என்றால் ஃபேன், இல்லாவிட்டால் கேஸ் சிலிண்டர். மனம் அந்தப் பெயரில் நிற்க நேரமாயிற்று.) இந்தப் புல்வெளியில் சுமார் இரண்டாயிரம் பேர் கூடினார்கள். தலைமை தாங்க ஆளில்லை. கவர்னர் வந்தால் பேசிக்கொள்ளலாம் என்று நம்பித் துப்பாக்கி இல்லாமலே வந்தவர்கள் பலர். கவர்னர் ஆயிரம் பேரோடும் பீரங்கிகளோடும் வந்தார். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது, விவசாயிகள் தோற்றுப்போனார்கள்.

இங்கேதான் எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது. ஒரு நினைவுக்கல், போர் பிரிட்டிஷாருக்கும் ரெகுலேட்டர்களுக்கும் நடந்தது என்கிறது. ஆனால் உள்ளே விளக்கப் பலகையைப் படித்தால் கவர்னரின் படையில் இருந்ததும் இதே காலனிக்காரர்கள்தான், கிழக்குப் பகுதி ஆட்கள். அந்தப் படையில் இருந்தவர்களில் சிலரே பின்னால் அரசருக்கு எதிராகச் சுதந்திரப் போரில் சண்டை போட்டிருக்கிறார்கள். அப்படியானால் இங்கே யார் நல்லவன், யார் கெட்டவன்? மைதானத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கொடிகள் நட்டிருந்தார்கள். நான் விவசாயிகள் பக்கம் என்று நினைத்துப் பத்து நிமிடம் உருக்கமாக நின்ற இடம் கவர்னரின் பக்கம் என்று பிரபு மேப்பைப் பார்த்துச் சொன்னார். நடுவில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வந்து, என் உடை பிரமாதம், நான் எத்தனை மணி நிகழ்ச்சியில் நடிக்கிறேன் என்று கேட்டுவிட்டுப் போனார்.

நிகழ்ச்சி நிஜமாகவே இருந்தது. போர் நடந்த நாளையொட்டி மே மாதத்தில் அந்தக் கால உடை போட்ட தன்னார்வலர்கள் வந்து துப்பாக்கி வெடித்துக் காட்டுகிறார்கள். குழந்தைகளுக்கு மரத் துப்பாக்கி கொடுத்து அணிவகுக்க வைத்தார்கள். பார்க்க வந்த இருபது இருபத்தைந்து பேரையும் தோற்ற விவசாயிகளாக நிற்க வைத்தார்கள். நீலக் கோட்டும் கம்பளிக் கால்சட்டையுமாக வியர்த்து வழிந்துகொண்டிருந்த டேவ் என்ற பெரிய உருவம் ஒன்று மரப்பெட்டி மேல் ஏறி, கவர்னரின் உத்தரவைப் படித்தது. அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்கிறவனுக்கு மன்னிப்பு. அவன் வீட்டுக்குப் போகலாம். செய்யாதவனின் நிலம் போகும், வீடு எரியும். எல்லோரும் வலது கையைத் தூக்கி நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்றார் டேவ்.

எல்லாக் கைகளும் மேலே போயின. பிரபு சிரித்துக்கொண்டே ஒரு கையைத் தூக்கி, மறு கையில் வீடியோ எடுத்தார். மீராகூட, எல்லாம் தலையெழுத்து என்கிற முகத்தோடு, தூக்கிவிட்டாள். என் கை மட்டும் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றது. வெறும் நாடகம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கை வரவில்லை.

கூட்டத்தில் பச்சைப் பட்டுக்காரி யார் கண்ணில்தான் படமாட்டாள்? டேவ் பார்த்துவிட்டார். நானும் சேர்ந்து நடிக்கிறேன் என்று பாவம் அவர் நினைத்திருக்க வேண்டும். இதோ ஒரு ராஜத்துரோகி, இந்த அம்மணியின் தோட்டத்தைப் பறிமுதல் செய்யுங்கள் என்று உற்சாகமாக முழங்கினார். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. கடைசி வாய்ப்பு, சத்தியம் செய்கிறாயா என்று கேட்டார்.

"நான் பண்ண மாட்டேன்!" என்று கத்திவிட்டேன். தமிழில். அதோடு விட்டேனா? குபுக்கென்று அழுகை வந்துவிட்டது. கைதட்டல் நின்றது. ஒரு குழந்தை மரத் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டது. அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

பிரபு என் தோளைப் பிடித்து மரத்தடி மேஜைக்கு அழைத்துப் போனார். வாய் நிறைய கேலி வைத்திருப்பவர், வீடியோவை நிறுத்திப் போனைப் பைக்குள் போட்டுவிட்டார். சற்று நேரத்தில் டேவ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்து மன்னிப்புக் கேட்டார். தப்பு உங்கள் மேல் இல்லை, அடுத்த வெள்ளிக்கிழமை மேல் என்று சொல்லி விஷயத்தை விளக்கினேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

அழுத மூக்கோடு ஒன்றைக் கேட்டுவிட்டேன். அன்றைக்கு அரசருக்குச் சத்தியம் செய்த விவசாயிகள், ஐந்தாறு வருடத்தில் புது நாடு பிறந்து, அரசர் வேண்டாம் என்று இன்னொரு சத்தியம் கேட்டபோது என்ன செய்தார்கள்? களத்துக்கு வராதவர்களையும் சேர்த்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அரசருக்குச் சத்தியம் செய்தார்கள், அவர்களில் சிலர் சொன்ன சொல் சொன்னதுதான் என்று அரசர் பக்கமே நின்றார்கள், சிலர் புது நாட்டுப் பக்கம் போனார்கள், நிறையப் பேர் எந்தப் பக்கமும் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்றார் டேவ். இதில் யார் செய்தது சரி என்று கேட்டேன். பல வருடமாக இந்த நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு நடிக்கிறேன், எனக்கும் தெரியவில்லை என்றார். விடை கிடைக்கும் என்று பார்த்தால், இன்னொரு குழம்பியவர் சேர்ந்ததுதான் மிச்சம்.

அவர் போன பிறகு புளியோதரை டப்பாவைத் திறந்தோம். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு வயல். முழங்கால் உயரத்துக்குக்கூட வராத சோளப் பயிர். மே மாதம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கும் பயிர் இதே உயரம்தான் இருந்திருக்கும். களை எடுக்காவிட்டால் அந்த வருடம் போச்சு. பெண்டாட்டி பிள்ளைகள் வீட்டில். கையைத் தூக்கினால் நாளைக் காலை வயலுக்குப் போகலாம். ஆறாயிரம் பேரும் ராஜாவை நினைத்தா கையைத் தூக்கியிருப்பார்கள்? வீட்டுக்குப் போகத் தூக்கினார்கள். அது பொய்ச் சத்தியமா, மெய்ச் சத்தியமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் மேல் எனக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை.

"அம்மா," என்றாள் மீரா, ஹெட்ஃபோன் இல்லாமல். "யூ நோ வி டூ தி பிளெட்ஜ், ரைட்? எவ்ரி மார்னிங். சின்ஸ் கிண்டர்கார்டன்."

"எந்த பிளெட்ஜுடி?"

"கொடிக்கு. ஹேண்ட் ஆன் யுவர் ஹார்ட். ஐ டோன்ட் ஈவன் ஹியர் இட் எனிமோர்."

அடக் கடவுளே! விளையாட்டுக்குக்கூடச் சத்தியம் கிடையாது என்று இங்கே நான் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்க, என் வயிற்றில் பிறந்தது ஐந்து வயதிலிருந்து தினமும் காலையில் பள்ளியில் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்துகொண்டிருக்கிறது, காதில்கூட விழாமல். பிரபு புளியோதரை புரையேறும் அளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அழுகை நின்றிருந்தது, குழப்பம் இரண்டு மடங்காகியிருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிறும் திங்களும் விசிட்டர் சென்டர் மூடியிருக்கும் என்றார்கள். கிளம்பும் முன் இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் உள்ளே போய் விளக்கப் படத்தைப் பார்த்துவிட்டு மைதானத்துக்கு வாருங்கள், இல்லாவிட்டால் என்னைப் போல எதிர்க் கட்சியில் நின்று உருகுவீர்கள். இரண்டு மணி நேரம் தாராளமாகப் போதும். நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் அவசியம். சாப்பிட மேஜைகள் இருக்கின்றன, சாப்பாடு நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். சாலையைக் கடக்கும்போது குழந்தைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இதற்காக மட்டும் நியூ ஜெர்சியிலிருந்து போகாதீர்கள். கேரி, ராலே, சார்லட் பக்கம் வேலை இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டுப்புடவை வேண்டவே வேண்டாம், கரையில் ஒட்டிய புல்லை இன்னும் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கேரியிலிருந்து கிளம்புவதற்கு முன், செல்வத்துக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே சாயங்காலம். "அக்கா, இப்பத்தான் கஞ்சி குடிச்சாருங்க, இருங்க தர்றேன்," என்று போனை அப்பா முகத்துக்கு நேரே பிடித்தான். ஒரு பக்கம் இழுத்த வாய். கண் மட்டும் பழைய கண்.

இனி மறைக்க முடியாது என்று தோன்றியது. "அப்பா, ஒரு வருசம் வந்து உங்ககூட இருக்கோணும்னு பாக்கறனுங்க. அதுக்கு இங்கத்த சர்க்காருக்குச் சத்தியம் பண்ணோணும்ங்கறாங்க. நம்ம நாடு இனி வேண்டாம்னு கைய தூக்கிச் சொல்லோணுங்க. வர்ற வெள்ளிக்கிழமை. பண்ணட்டுங்களா?"

திரை உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, அப்பாவின் மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உதடு கோணிக்கோணி எதையோ தேடியது. செல்வம் காதைக் கொண்டுபோனான். அவன் சொல்வதற்குள் எனக்கே கேட்டுவிட்டது.

"வெர...சா... வா... சாமி."

சீக்கிரம் வா என்பதுதான் நான் கேட்டதற்குப் பதிலா, நான் சொன்னதில் பாதியாவது அவருக்குப் புரிந்ததா, எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போகிறேன்.